மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. என் இரண்டு கண்கள் மேலும் சத்தியம்; புரை எடுத்த இடது கண் மேல் தனியாக இன்னொரு சத்தியம். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

லிஃப்ட் மெக்கானிக் தன் பதினைந்து வயது மகளோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டு ஏழு நிமிஷம் ஆகியிருந்தது. மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே.

அவர்கள் குடியிருந்தது அதே கட்டடத்தின் ஆறாவது மாடியில். அந்த லிஃப்டைப் பராமரிப்பவரும் அவரேதான். எந்த லிஃப்டில் ஏறினாலும் விநாடிகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டே வருவார்; தொழில் கொடுத்த வியாதி. ஆறிலிருந்து தரைக்குப் பதினெட்டு விநாடி. அன்றைக்கு எட்டிலேயே எண்ணிக்கை நின்றுவிட்டது.

சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. இரண்டு நிமிஷ வேலை. கையைப் பையருகே கொண்டுபோனபோதுதான் மகள் வாயைத் திறந்தாள்.

இதன் மகிமை புரிய வேண்டுமானால் ஒரு விஷயம் தெரிய வேண்டும். அந்தப் பெண் வீட்டில் பேசி எட்டு மாதமாகியிருந்தது. ஊமையாகிவிடவில்லை. 'ம்', 'தெரியல', 'போப்பா' என்று மூன்று வைத்திருந்தாள். அதை வைத்தே ஒரு பள்ளி ஆண்டை ஓட்டிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதுவரை கேள்வி கேட்டே அப்பாவின் உயிரை எடுத்தவள். இன்னும் மூன்று மாதத்தில் பத்தாவது முடிந்து, வெளியூர் விடுதிக்குப் போகப்போகிறாள். அதற்குள் ஒரே ஒரு தடவை பழைய மாதிரி பேசிவிடமாட்டாளா என்பதுதான் மெக்கானிக்குக்கு இருந்த ஒரே ஏக்கம்.

"அப்பா, உனக்கு ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களா?"

"லிஃப்ட் இருக்கே."

"விளையாடாதப்பா."

மெக்கானிக் யோசித்தார். "ஸ்கூல்ல ஒருத்தன் இருந்தான். ஒரே பெஞ்சு. ஒரு நாள் வேற பெஞ்சுல போய் உக்காந்துட்டான்."

"ஏன்னு கேட்டியா?"

"கேக்கல."

"நானும் கேக்கல," என்றாள் மகள், லிஃப்டின் தரையைப் பார்த்துக்கொண்டு.

மெக்கானிக் கையைக் கீழே இறக்கிக்கொண்டார். இருபத்திரண்டு நிமிஷம். மகள் பேசினாள், மூக்கை உறிஞ்சினாள், ஒரு தடவை சிரித்தாள். அப்புறம் லிஃப்ட் தானாகவே ஓடிவிட்டது. கதவு திறந்தது. "பசிக்குதா குட்டி?" என்று கேட்டார்.

"ம்."

மறுநாள் சாவகாசமாகப் பார்த்தால், குற்றவாளி ஒரு திருகாணி. கதவு ஒழுங்காக மூடியிருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு மாடியிலும் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. நான்காவது மாடி ஸ்விட்சின் திருகாணி அரைச் சுற்று தளர்ந்திருந்தது. நல்ல மெக்கானிக் என்ன செய்வார்? முடுக்குவார். இவரும் முடுக்கினார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அரைச் சுற்று திரும்பத் தளர்த்தினார்.

ஆனால் திருகாணிக்கு யார் மகள், யார் அப்பா என்று தெரியுமா?

முதலில் மாட்டியவர் குடியிருப்போர் சங்கத்துச் செக்ரட்டரி, மனைவியோடு. முப்பது வருஷமாகச் சண்டையே போடாத தம்பதி. அரைமணி நேரம் பேசிப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் அந்த அம்மாள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

"என்னப்பா மெக்கானிக், இது லிஃப்டா, கோர்ட்டா?" என்று செக்ரட்டரி அலறினார்.

"பார்க்கறேன் சார்."

"எதைப் பார்க்கறே? என் குடும்பத்தையா?"

அடுத்து ஐந்தாவது மாடி டீச்சரம்மா. அவர் ஒரே மாதத்தில் லிஃப்டுக்குள்ளேயே ஒரு ஸ்வெட்டரைப் பின்னி முடித்தார். கழுத்துப் பட்டி மட்டும் வீட்டில் போட்டது. இரண்டாவது மாடி வக்கீல் உள்ளே ஒரு மடக்கு நாற்காலியை நிரந்தரமாக விட்டுவைத்தார். யாரோ ஒருவர் சதுரங்கப் பலகை கொண்டுவந்து வைத்தார். முந்தின ஆள் நகர்த்திய காய்க்கு அடுத்து மாட்டிய ஆள் பதில் நகர்த்தினார். சொன்னேனே, புரை எடுத்த கண் மேல் சத்தியம்.

மகள் மட்டும் மாட்டவில்லை. அவள் ஏறும்போதெல்லாம் லிஃப்ட் பட்டுப் போல ஓடியது.

குறை திருகாணியிடம் என்று மெக்கானிக் முடிவு கட்டினார். அதை ஒழுங்காக முடுக்கிவிட்டு, லிஃப்டுக்குள்ளேயே பொத்தான்களுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்விட்ச் வைத்தார். இனி அவர் நினைத்தால்தான் நிற்கும். சனிக்கிழமை காலை மகளை ஏதோ சாமான் வாங்கும் சாக்கில் கிளப்பினார். லிஃப்ட் கதவு மூடப்போகும் நேரத்தில், "இருங்க, நானும் வரேன்," என்று மனைவி ஓடிவந்து ஏறிக்கொண்டார். நான்காவது மாடி தாண்டியதும், யோசிப்பதற்குள், மெக்கானிக்கின் விரல் ஸ்விட்சை அழுத்திவிட்டது.

அன்று லிஃப்டுக்குள் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாம் அம்மாவும் மகளும்.

"உன் ரூமுக்குள்ள நான் வரவே கூடாதா? நான் என்ன வேத்து மனுஷியா?"

"கதவத் தட்டிட்டு வான்னுதானே சொன்னேன்?"

"பெத்தவ தட்டணுமா? ஏங்க, கேட்டீங்களா இவ பேசறத?"

மெக்கானிக் மூலையில் நின்று ஸ்விட்சைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தத் தெரிந்த ஸ்விட்சுக்கு ஓடவைக்கத் தெரியவில்லை. நாற்பது நிமிஷம்.

வெளியே வந்ததும் மகள் சொன்னாள், "இனிமே நான் படியிலயே போறேன்."

"ஆறு மாடி, குட்டி."

"போப்பா."

மறுநாள் முதல் மெக்கானிக்கும் படியில் இறங்கினார். லிஃப்டையே நம்பி வாழ்ந்த முழங்கால்கள் அவருடையவை. மகள் இரண்டிரண்டு படியாகத் தாவுவாள். அவர் ஐந்தாவது மாடிக்கு வருவதற்குள் அவளுடைய செருப்புச் சத்தம் இரண்டாவது மாடியில் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அதுவும் கேட்காது. வாசலில் வாட்ச்மேன், "பாப்பா அப்பவே போயிடுச்சே அண்ணே," என்பார். தினமும் இதே வசனம். மெக்கானிக் கேட்காவிட்டாலும் சொல்வார்.

இதற்குள் செக்ரட்டரி கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டார். கம்பெனி விசாரணைக்கு ஆள் அனுப்பியது. அனுப்பப்பட்ட ஆள் மெக்கானிக்கேதான். அந்தப் பகுதிக்கு அவர் ஒருவர்தானே. தன்னைத் தானே இரண்டு நாள் விசாரித்து, 'காரணம் தெரியவில்லை' என்று கையெழுத்துப் போட்டார். காரணம் தெரியவில்லை என்றால் பழையதைக் கழற்றி எறி, புதுக் கன்ட்ரோல் பெட்டி மாட்டு என்று உத்தரவு வந்தது.

மாட்டினார். அவர் செய்த வேலைகளிலேயே உருப்படியான வேலை அதுதான். ஒரு வயர் பிசகவில்லை. ஒளித்துவைத்த ஸ்விட்சையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"இனிமே நிக்காதே?" என்றார் செக்ரட்டரி. ஆள் இளைத்திருந்தார்.

"பத்து வருஷத்துக்கு நிக்காது சார்."

சொல்லும்போது அவர் முகம் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் முகம் போல இருந்தது. மூன்று மாதமும் முடிந்துபோயிருந்தது.

மகள் கிளம்பும் நாள் வந்தது. மனைவி அழுது முடித்துச் சமையலறையில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தார். அறைக் கதவு திறந்தே கிடந்தது. இனி யாரும் தட்ட வேண்டியதில்லை. பெட்டி கனம். படி சரிப்படாது. அப்பாவும் மகளும் லிஃப்டில் ஏறினார்கள்.

கதவு மூடியது. மெக்கானிக் எண்ண ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. ஏதாவது சொல்ல வேண்டும். ஐந்து. ஆறு. என்ன சொல்வது? எட்டு.

நின்றது.

விளக்கு அணைந்து சின்ன விளக்கு எரிந்தது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே.

"சத்தியமா நான் இல்ல குட்டி!" என்றார் மெக்கானிக்.

"தெரியும்," என்றாள் மகள். பெட்டியைப் படுக்கப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டாள். "முதல் தடவ மாட்டினப்பவே உன் பாக்கெட்ல ஸ்க்ரூடிரைவர் இருந்துச்சு. நீ எடுக்கல. நானும் சொல்லல."

மெக்கானிக் அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

என்ன பேசினார்கள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. அது அவர்கள் சமாச்சாரம். வேறு பெஞ்சுக்குப் போன சிநேகிதி வந்தாள். மெக்கானிக்கின் சிநேகிதன் வந்தான். விடுதியில் யார் பக்கத்தில் படுக்கை கிடைக்குமோ என்ற பயம் வந்தது. அத்தனை மாதக் கேள்விகளையும் அவள் வரிசையாகக் கேட்டாள். அவருக்கும் பாதிக்குத்தான் பதில் தெரிந்தது.

அப்போது லிஃப்ட் சுவரில் இருந்த அவசர ஃபோன் அடித்தது. வாட்ச்மேன்.

"அண்ணே, பயப்படாதீங்க. பழுதெல்லாம் ஒண்ணுமில்ல. பாப்பாதான் காலையில வந்து, 'நாங்க ஏறினதும் மெயினை அணைச்சிடுங்க மாமா, அப்பாவுக்கு என்கிட்ட பேசணும், அவருக்கு ஆரம்பிக்கத் தெரியாது'ன்னுச்சு. இருபத்திரண்டு நிமிஷம் கழிச்சுப் போடச் சொல்லிச்சு. நேரமாயிடுச்சு அண்ணே. போடட்டுமா, இல்ல இன்னும் கொஞ்சம் ஆகுமா?"

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் சத்தியம் செய்து தொலைத்துவிட்டதால் இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு லிஃப்ட் எங்கேயும் நிற்கவில்லை. ஆறிலிருந்து தரைக்குப் பதினெட்டு விநாடி; எண்ணிக்கொண்டேதான் வந்தேன்.