நாவல் பிழைத்த கதை

அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். இருந்த ஒரே நாற்காலியில் மைத்துனன். கட்டிலின் ஓரத்தில், துவைத்த துணிகளை மடித்தபடி மனைவி. தரையில் சம்மணமிட்டு, கையில் ஸ்க்ரூ டிரைவரும் எதிரே மடிக்கணினியுமாக ரிப்பேர்காரர். உட்கார இடமில்லாமல் ஜன்னல் கட்டையில் ஒண்டிக்கொண்டிருந்தவர்தான் எழுத்தாளர்.

எழுத்தாளர் என்பது பட்டப்பெயர். பிழைப்புக்கு அவர் ஒரு கிடங்கில் சரக்கு சரிபார்ப்பவர். ஆனால் வேலை முடிந்து வந்ததும் இந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கிய தொந்தி பெருத்த அந்தக் கம்ப்யூட்டரில் பன்னிரண்டு வருடமாக நாவல் எழுதி வருகிறார் என்பது ஊரறிந்த விஷயம். ஒரு வரிகூட எழுதாமல் அதில் சீட்டாடிக்கொண்டிருந்தார் என்பது அவர் மட்டுமே அறிந்த விஷயம்.

போன வாரம் கம்ப்யூட்டர் 'டக், டக்' என்று முனகிவிட்டு அடங்கியது. எழுத்தாளருக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. நாலு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டால் போதும், காலத்துக்கும் கவலையில்லை. ஆனால் பதிப்பகத்தில் பிழைதிருத்தும் மைத்துனனுக்கு மனசு கேட்கவில்லை. ரிப்பேர்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"முதலாளிகிட்டப் பேசிட்டேன் அத்தான். இன்னிக்குள்ள குடுத்தா இந்த வருஷமே அச்சுல ஏத்திடறேன்னாரு."

"எதுக்கு மச்சான் வீண் அலைச்சல்? போனது போகட்டும்."

"அப்படியெல்லாம் விட முடியுமாங்க?" என்றாள் மனைவி, மடித்த சட்டையை நீவியபடி.

ரிப்பேர்காரர் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். "உள்ள ஓடற முள்ளு ஒட்டிக்கிச்சு சார். கிழட்டு டிஸ்க். இனி ஒரு அடி பட்டாலும் அவ்வளவுதான்."

"குடுங்க, வெளிச்சத்துல பார்க்கறேன்" என்று வாங்கிய எழுத்தாளர், கை நழுவியதுபோல அதைத் தரையில் விட்டார்.

மைத்துனன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். ரிப்பேர்காரர் பதறாமல் எடுத்து ஒயரை மாட்டினார். டிஸ்க் 'உய்ய்' என்று சுற்ற ஆரம்பித்தது.

"ஒட்டினது விட்டுடுச்சு. கைராசிக்காரர் சார் நீங்க."

கைராசிக்காரருக்கு வியர்த்தது. நல்லவேளையாக, கொஞ்ச நேரத்தில் டிஸ்க் சூடேறி நின்றது.

"ஃப்ரீசர்ல வெச்சா என்ன?" என்றார் எழுத்தாளர்.

"வைக்கலாம். ஈரம் மட்டும் இறங்கிடக் கூடாது. இறங்கினா மறந்துட வேண்டியதுதான்."

எழுத்தாளர் தாமே கொண்டுபோய், ஐஸ் தட்டுக்கு அடியில் வெறுமனே செருகிவிட்டு வந்தார். அரை மணி கழித்து எடுத்து வந்த மனைவி, அதன்மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்தாள்.

"அப்படியே போட்டுட்டு வந்திருக்கீங்க. பின்னாடியே போய்ச் சுத்தி வெச்சேனோ, பிழைச்சுது."

குளிர்ந்த டிஸ்க் சமர்த்தாக ஓடியது. மடிக்கணினித் திரையில் பச்சைக் கோடு நீண்டுகொண்டே போனது. பாதியைத் தாண்டியபோது எழுத்தாளர் எழுந்தார், கால் இடறினார், ஒயரைப் பிடுங்கிக்கொண்டு விழுந்தார்.

"ஒயர் கருக ஆரம்பிச்சிருக்கு, நான் கவனிக்கவே இல்ல" என்றார் ரிப்பேர்காரர். "சரியான நேரத்துல பிடுங்கினீங்க. வேணுங்கறது வந்துடுச்சு சார். 'நாவல்'னு ஒரே ஃபைல். முந்நூத்திச் சொச்சம் பக்கம்."

எழுத்தாளர் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். "எத்தனை பக்கம்?"

மனைவி குனிந்து முதல் பக்கத்தைப் படித்தாள். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு. "இதேதாங்க. அனுப்புங்க."

எழுத்தாளருக்கு ஒன்று மட்டும் தோன்றியது. இது கம்ப்யூட்டரின் பழைய சொந்தக்காரர் யாரோ எழுதி விட்டுப்போனது. சீட்டைத் தவிர அதில் வேறெதையும் அவர் திறந்ததே இல்லையே. யார் பெற்ற பிள்ளையோ, தலைக்கு வந்த ஆபத்தைத் தலைப்பாகையோடு கொண்டுபோக வந்திருக்கிறது. எட்டிப் பார்க்க ஆசைதான். ஆனால் சொந்த நாவலை முதல்முறை பார்ப்பவர்போல முழித்தால் மானம் கப்பலேறிவிடும்.

"கொஞ்சம் திருத்தணுமே" என்றார் ஒப்புக்கு.

"பன்னெண்டு வருஷமாத் திருத்தினது போதாதா?" என்றாள் மனைவி.

மைத்துனன் நாவல் ஏறிய பென் டிரைவை உறைக்குள் போட்டான். "முதலாளிக்கு ஒரு கடிதாசி மட்டும் எழுதுங்க அத்தான்."

எழுத்தாளர் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினார்: 'ஐயா, இதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் என் சொந்த வாழ்க்கையிலிருந்து பிறந்தது. ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அச்சிட வேண்டுகிறேன்.' கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டு, மடித்து, உறையில் வைத்து, பசை தடவி அழுத்தி ஒட்டினார். மைத்துனன் வாங்கிக்கொண்டு ஓடினான். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்து மறைந்தது.

ரிப்பேர்காரர் சாமான்களைப் பையில் போட்டபடி நிமிர்ந்தார்.

"ஃபைல் சரியா வந்திருக்கான்னு அங்கங்க படிச்சுப் பார்த்தேன் சார், சிரிப்பு தாங்கல, நாவல் எழுதறேன்னு கதவைச் சாத்திக்கிட்டுச் சீட்டாடறானே அந்தப் புருஷன், எல்லாம் பொண்டாட்டிக்குத் தெரியும்ங்கறது கடைசிவரைக்கும் அவனுக்குத் தெரியவே தெரியாதா?"