கரை கட்டாத ஏரி

கடல் என்பது கரை கட்டத் தெரியாதவர்கள் விட்டுவைத்த ஏரி என்று பாரூர்க் கோவிந்தப்பன் மெரினா மணலில் நின்று அறிவித்தார். கடல் மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.

மனைவி நாராயணம்மாவும் மகன் முனிவேலும் கேட்டுக்கொண்டார்கள். முனிவேல் மதராஸில் சித்திரம் படிக்கிறான். ஒரு விவசாயியை நேரில் உட்காரவைத்து வரைந்து, மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் படிப்பு முடிந்தது, மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்பாவோ அந்த மூட்டையைத் தூக்கிப் போகத்தான் வந்திருந்தார். ஊரில் கரும்புக்குத் தண்ணீர் கட்ட ஆளில்லை.

காலையிலிருந்து பையன் கெஞ்சியதற்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான்.

"ஆடாம அசையாம உக்கார நான் என்னா சோளக்கொல்லை பொம்மையா? உசுரோட இருக்கறவன் எவனாச்சும் படத்துக்குன்னு உக்காருவானா?"

இப்போது அதையே இன்னொரு தடவை சொல்லிவிட்டு, ஏரியின் ஆழம் பார்த்துவர இறங்கினார். முனிவேல் அலையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான். மதகு திறந்து மூடுகிறவனுக்கே தண்ணீரைப் பற்றிப் பாடமா என்று கையமர்த்தினார்.

முதல் அலை வேட்டியை வாங்கிக்கொண்டது. தலைப்பாகை இருக்கிறதே என்று அவிழ்த்து இடுப்பில் சுற்றப் போனார். இரண்டாவது அலை அதையும் வாங்கிக்கொண்டது.

பாரூர் மதகடியில் கோவணம் ஓர் உடை. மெரினாவில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அது ஒரு செய்தி.

தடாலென்று மணலில் உட்கார்ந்து, இடுப்பு வரை அள்ளி மூடிக்கொண்டார். ஜாகைக்கு ஓடி வேறு வேட்டி கொண்டுவருவதாக முனிவேல் கிளம்பினான். துணைக்கு அம்மாவும் போனாள். ஒரு வேட்டியைத் தூக்க இரண்டு பேர் எதற்கு என்று கேட்கும் நிலையில் அவர் இல்லை.

மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவர் வந்து நின்று, என்ன ஏது என்று விசாரித்தார். உண்மையைச் சொல்வதைவிட மூட்டுவலி என்று சொல்வது சுலபமாக இருந்தது. கடல் மணலில் புதைந்தால் பறந்துவிடும் என்றார். கேட்டவருக்கு வெகுகாலமாக மூட்டுவலி. அங்கேயே உட்கார்ந்து அவரும் புதைந்துகொண்டார்.

"அசையலாமா சார்?"

"அசையவே கூடாதுங்க. அசைஞ்சா வலி தலைக்கு ஏறிக்கும்."

இதுதான் வினையாயிற்று. மூக்கில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. விரட்டக் கையைத் தூக்கினார். அசைகிறீர்களே என்று கண்ணாடிக்காரர் பதறினார். கை இறங்கியது, ஈ இருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் இன்னும் இரண்டு பேர் புதைந்தார்கள். ஒருவர், ஐயா பரம்பரை வைத்தியரா என்று பயபக்தியோடு கேட்டார்.

கோவிந்தப்பன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன் கேட்டபோதே நிழலில், பாய் போட்டு, முக்கியமாக வேட்டியோடு, உட்கார்ந்திருக்கலாம் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

வெயில் தாழ்ந்துவிட்டது. வேட்டி வரவில்லை.

கண்ணாடிக்காரர் தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டினார்.

"அதோ கவுத்துப் போட்ட படகு பக்கத்துல ஒரு பையன், நான் வந்ததுலேர்ந்து உங்களையே பார்த்துப் படம் போட்டுண்டிருக்கான். கூட ஒரு அம்மா, அலை ஒதுக்கினது போலிருக்கு, ஒரு வேட்டியும் தலைப்பாகையும் காயப்போட்டுண்டு உக்காந்திருக்கா. உங்களுக்குத் தெரிஞ்சவாளா?"

கோவிந்தப்பனின் கழுத்து அந்தப் பக்கம் அரை விரற்கடை திரும்பியது. பிறகு, எங்கே இருந்ததோ அங்கேயே வந்து நின்றது.

"தெரியாதுங்களே," என்றார் உதடு அசையாமல். மோவாயை மட்டும் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டார்.