சர்க்கார் கண்ணை மறைக்கும் கயிறு

எங்கள் ஊருக்கு அந்த வருஷம் மாசியில் இரண்டு விருந்தாளிகள் வந்தார்கள். ஒருவர் பெரியம்மை. இன்னொருவர் மறைப்புச்சாமி. முன்னவரைக் கண்டு ஊர் நடுங்கியது, பின்னவரைக் கண்டு விழுந்து கும்பிட்டது. இருவரில் யாருக்கு அதிகக் கோழி போனது என்று கேட்காதீர்கள். அம்மை போட்ட வீட்டில் கோழி அறுக்கமாட்டார்கள். அத்தனை கோழியும் சாமிக்குத்தான்.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் தாண்டியிருந்த காலம். சாயல்குடிக்குக் கிழக்கே, உப்பளத்தை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. அங்கே இருந்த இடிந்த சத்திரத்து வாசலில் சாமி உட்கார்ந்ததும் கமுதிப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வந்தது. இராமநாதபுரம் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் டாப்பில் ஏறி வந்தவர்களும் உண்டு. கூட்டம் கூடினால் நோய் பரவும் என்று டூரிங் டாக்கீஸை மூட உத்தரவு போட்ட சர்க்கார், சத்திரத்துக் கூட்டத்துக்கு மட்டும் உத்தரவு எதுவும் போடவில்லை. அம்மைக் கிருமிக்கு சினிமா பிடிக்கும், சாமியார் பிடிக்காது போலிருக்கிறது.

சாமி கொடுத்தது ஒரு கறுப்புக் கயிறு. கோழி, கருப்பட்டி, மிளகாய் வற்றல் என்று எது கொண்டுபோனாலும் வாங்கிக்கொண்டு கயிற்றைக் கொடுப்பார். அதைத் தாயின் மணிக்கட்டில் கட்டிவிட்டால், வீட்டுக்குள் அம்மை போட்டுப் படுத்திருக்கும் பிள்ளை சர்க்கார் கண்ணுக்குத் தெரியாதாம். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து நின்றாலும் வெறும் பாயைத்தான் பார்ப்பாராம். நோய் தீரும் என்று மட்டும் சாமி ஒருநாளும் சொல்லவில்லை. அதைச் சொல்லி மாட்டிக்கொள்ள அவர் என்ன பைத்தியமா?

ஊரை மட்டும் குறை சொன்னால் நியாயமாகாது. சுகாதார இன்ஸ்பெக்டர் சேதுராமன் படித்தவர். தடுப்புக்கு அம்மை குத்திக்கொண்டால் அம்மை வராது என்று அவர் சொன்னது சத்தியமான உண்மை. ஆனால் அந்த உண்மையை அவர் கான்ஸ்டபிளின் லத்தியோடு சேர்த்துக் கொண்டுவந்தார். கதவைத் தள்ளித் திறப்பார். தெருவே கேட்கும்படி வீட்டுக்காரன் பேரைச் சொல்லிக் கூவுவார். சுவரில் சிவப்பு மசியால் ஒரு குறி போடுவார். பிள்ளையைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டுபோய் உப்பளத்துக்கு அப்பால் ஓலைக் கொட்டகையில் கிடத்துவார்கள். தாய் கூடப் போகக்கூடாது. வீரையா மகள் பூமயில் அந்தக் கொட்டகையில்தான் செத்தாள். ஏழு வயசு. அவள் தண்ணீர் கேட்டு அழுதது உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்குக் கேட்டது, போய்க் கொடுக்க ஒருவருக்கும் அனுமதி இல்லை.

அதற்குப் பிறகு எவள் தன் பிள்ளையைக் காட்டுவாள்? அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை சொருகும் வழக்கத்தையே நிறுத்திவிட்டார்கள். வேப்பிலை ஆத்தாளுக்குத் தெரிகிறதோ இல்லையோ, இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்துவிடுகிறதே. அம்மை குத்துகிறவர் தலை தெரிந்தால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பனங்காட்டுக்குள் ஓடினார்கள். ஒரு கீறலில் பிழைத்திருக்க வேண்டிய பிள்ளைகள் இப்படி ஓடி ஓடியே நோயை வாங்கின.

வேப்பிலை போன பிறகு எந்த வீட்டில் அம்மை என்று அடுத்த வீட்டுக்கே தெரியாது. சாமிக்குத் தெரிந்தது. அதுதான் அவர் மகிமை. விளக்கு வைக்கிற நேரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையை அண்ணாந்து, உடுக்கையைத் தட்டிக்கொண்டே தெருவில் நடப்பார். ஏதாவது ஒரு வாசலில் சட்டென்று நின்று மூச்சை ஆழ இழுப்பார். "ஆத்தா இங்கன இறங்கியிருக்கா. ஏந்தாயி எங்கிட்ட மறைக்கிறே?" என்று வீட்டுக்காரியின் காதோடு சொல்வார். உடனே கயிறு வாங்கியவள் வீட்டுப் பக்கம் இன்ஸ்பெக்டர் எட்டிப்பார்ப்பதில்லை. வேண்டாம் என்றவள் வீட்டுக்கு மறுநாள் காலையிலேயே வந்துவிடுவார், அதுவும் அக்கம்பக்கம் திரும்பாமல் நேராக. இதைவிட அத்தாட்சி என்ன வேண்டும்? ஊரே கயிறு கட்டிக்கொண்டது. பள்ளிவாசல் தெருவிலும் முழுக்கைச் சட்டைக்குள்ளே ரகசியமாகக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. சர்க்கார் பயத்துக்கு மதபேதம் கிடையாது.

கயிறு கட்டாத சிலரில் இட்லிக் கடை ராக்கு ஒருத்தி. புருஷன் கொழும்புக்குப் போனவன் போனவன்தான். கடையும் வாயும்தான் அவளுக்குத் துணை. இரண்டும் காரம். அடுத்த வீட்டில் அவள் தங்கை உலகம்மாள் இருந்தாள். உலகம்மாளின் மூத்த பையன் கூத்தையா அம்மை போட்டு, மிளகாய் மூட்டை அடுக்கிய உள்ளறையில் கிடந்தான். இன்னொன்று பால்குடி மறக்காத பெண்குழந்தை. அதற்கு அம்மை குத்தவில்லை.

ராக்கு தலைபாடாக அடித்துக்கொண்டாள். பெரியவனுக்கு வந்தது வந்துவிட்டது, சின்னதுக்காவது குத்திவிடுவோம், நாள் தள்ளிப்போனால் குத்தியும் பலிக்காதாம் என்று கெஞ்சினாள். உலகம்மாள் அசையவில்லை. குத்துகிறவரை உள்ளே விட்டால் கூத்தையாவைக் கொட்டகைக்குத் தூக்கிப்போவார்கள். விடாவிட்டால் சின்னதுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டு இன்னொரு பிள்ளையைக் காப்பாற்றிக்கொள் என்றது சர்க்கார். அந்தக் கணக்கு பெற்றவளுக்கு எப்படிப் புரியும்?

இந்த நிலைமையில் ராக்கு ஒருநாள் உளுந்து வாங்கக் கமுதிச் சந்தைக்குப் போய் மறுநாள் திரும்பினாள். பார்த்தால் உலகம்மாள் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. சாமி நேற்று வாசலில் நின்றுவிட்டாராம். சேவலைக் கொடுத்துக் கயிறு வாங்கினாளாம். இனி பயமில்லையாம்.

ராக்குவுக்குக் கோபம் வந்தது. அதற்குள்ளேயே ஒரு சந்தேகமும் வந்தது.

"ஏண்டி, முந்தாநாளு ஒன் வாசலத் தாண்டித்தானே போனான்? அன்னிக்கும் கூத்தையா உள்ளதானே கெடந்தான்? நான் ஊர்ல இல்லாத அன்னிக்குப் பாத்துத்தான் ஆத்தா அவங்கிட்டச் சொன்னாளா?"

"அது ஆத்தா இஷ்டம்க்கா. நமக்கென்ன தெரியும்."

நமக்கென்ன தெரியும் என்ற அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எத்தனையோ சாமிகள் குடும்பம் நடத்துகிறார்கள். ராக்கு அதோடு விடவில்லை. தான் இல்லாத நாளில் என்ன மாறியது என்று யோசித்தாள். கடை அடைத்திருந்தது. சாயங்காலச் சட்னிக்கும் சாம்பாருக்கும் அவள் கடுகும் மிளகாயும் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் அந்த வாசனை தங்கை வீட்டு வாசலையும் சேர்த்து மூடும். நேற்று அது இல்லை. உலகம்மாள் வீட்டிலும் தாளிப்பு இல்லை. அம்மை போட்ட வீட்டில் தாளித்தால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று எண்ணெய்ச் சட்டியையே அடுப்பில் ஏற்றமாட்டார்களே. சர்க்காருக்குப் பயந்து வேப்பிலையை ஒளித்த ஊர், ஆத்தாளுக்குப் பயந்து தாளிக்காமல் இருந்தது. சாமி அண்ணாந்தது ஆகாயத்தைப் பார்க்க அல்ல, மூக்குக்கு வழிவிட.

அன்று மத்தியானமே ராக்கு பள்ளிவாசல் தெருவுக்குப் போனாள். அங்கே ஹமீது சுல்தான் என்ற தோணிக்காரர் இருந்தார். இலங்கைக்குப் போகிறவர்களுக்கு மண்டபம் கேம்பில் அம்மை குத்தியாகவேண்டும், இல்லாவிட்டால் அக்கரை மண்ணை மிதிக்க முடியாது. அவர் குடும்பத்தோடு போய்வந்தவர். அந்த வீட்டில் எல்லார் கையிலும் தழும்பு உண்டு, ஒருவருக்கும் நோய் இல்லை. ராக்கு கேட்டது இவ்வளவுதான்: இன்று சாயங்காலம் உங்கள் வீட்டில் தாளிக்க வேண்டாம், சாமி கயிறு நீட்டினால் வாங்கவும் வேண்டாம். அவர் மனைவி சுலைகா உடனே சம்மதித்தாள். ஹமீது சுல்தான்தான் வருத்தப்பட்டார். கடலில் புயலைத் தாங்கிய மனுஷனால் தாளிக்காத மீன்குழம்பைத் தாங்க முடியவில்லை.

விளக்கு வைத்த நேரம் சாமி வந்தார். ஹமீது சுல்தான் வீட்டைத் தாண்டப் போனவர் நின்றார், இழுத்தார், மறுபடி இழுத்தார். ஆத்தா உங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டாள் என்று சுலைகாவிடம் மெல்லச் சொன்னார். எங்கள் வீட்டில் அவுகளுக்கு என்ன வேலை, கயிறெல்லாம் வேண்டாம், அல்லா பார்த்துக்கொள்வான் என்றாள் சுலைகா. நடக்கிறது நடக்கும் என்று முணுமுணுத்துவிட்டு சாமி நடையைக் கட்டினார்.

மறுநாள் காலை இட்லி சாப்பிட வந்தவர்களிடமெல்லாம் ராக்கு ஒரு ஜோசியம் சொன்னாள். இன்றைக்கு இன்ஸ்பெக்டர் வருவார், வேறெங்கும் போகாமல் நேராக ஹமீது சுல்தான் வீட்டுக்குப் போவார் என்றாள். ஓசி வேடிக்கையை எங்கள் ஊர் விட்டதே கிடையாது. தெரு நிறைந்துவிட்டது. கயிற்றை மறுத்தவன் கதியைக் காட்டுவதற்காகச் சாமியும் சீடர்களோடு எழுந்தருளினார்.

ஜோசியம் பலித்தது. சேதுராமன் கான்ஸ்டபிளோடு வந்து நேராக அந்தக் கதவைத் தள்ளினார். உள்ளே குடும்பமே உட்கார்ந்து ஆப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நோயாளி எங்கே என்று அதட்டினார். ஹமீது சுல்தான் எழுந்து சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினார். பிள்ளைகளும் காட்டின. இன்ஸ்பெக்டர் அடுப்படி வரைக்கும் தேடிவிட்டு வெளியே வந்தார்.

"இந்த வீட்ல அம்மைன்னு ஒங்களுக்கு யாரு சார் சொன்னது?" என்று ராக்கு கேட்டாள்.

அது ரகசியத் தகவல், சொல்லக்கூடாது என்றார் அவர். எங்கள் பேரைத் தெருவில் கூவலாம், துப்புக் கொடுத்தவன் பேரை மட்டும் பொத்தி வைக்க வேண்டும். ஆனால் வாய் மூடியிருந்தாலும் கண் சும்மா இருக்கவில்லை. அவரையும் அறியாமல் அது சாமியின் பக்கம் போய் வந்தது. தெரு முழுக்க அதைப் பார்த்துவிட்டது.

ஆத்தா என்னைச் சோதிக்கிறாள் என்று சாமி உடுக்கையை எடுத்தார். ராக்கு அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சுலைகா அக்கா நேத்துத் தாளிக்கல, அவ்வளவுதான். அதான் ஒங்கிட்டச் சொன்ன ஆத்தா. நான் சொல்றது பொய்யின்னா மூக்குல துண்டக் கட்டிக்கிட்டு இந்தத் தெருவுல நட. எந்த வீட்ல அம்மைன்னு சொல்லு. சொல்லிட்டா நானே மொத ஆளா ஒன் கால்ல விழுறேன்."

யாரோ துண்டை நீட்டினார்கள். சாமி துண்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். மூக்கில் துண்டு கட்டினால் தெய்வம் பேசாது என்றார். ஆத்தா எங்கே குடியிருந்தாள் என்பது அப்போதுதான் ஊருக்கு விளங்கியது. சாமி ஓட, கான்ஸ்டபிள் எட்டிப் பிடிக்க, பிடித்த கையின் சட்டை மேலே ஏறியது. அங்கேயும் ஒரு கறுப்புக் கயிறு. கான்ஸ்டபிள் கண்ணை மறைக்கும் கயிற்றைக் கான்ஸ்டபிளே வாங்கிக் கட்டியிருந்தார். பிறகு விசாரித்ததில் சாமியின் பேர் உக்கிரபாண்டி, மதுரையில் ஏதோ சாப்பாட்டுக் கடையில் சமையல்காரனாக இருந்தவன் என்று தெரிந்தது. மூக்கு அங்கே பழகியது.

கூட்டம் சிரித்தது. ராக்கு சிரிக்கவில்லை. அவளுக்கு வேண்டியது இன்னும் கிடைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"இவன் கயிற யாரும் ஆசப்பட்டு வாங்கல சார். ஒங்களுக்குப் பயந்து வாங்குனாக. நீங்க கதவத் தள்ளுற வரைக்கும் இவன் போனா இன்னொருத்தன் வருவான்."

சேதுராமனுக்கு முகம் கறுத்தது. சட்டம் இருக்கிறது, நோயாளியை ஊருக்குள் விட்டால் பரவும், பரவினால் யார் பொறுப்பு என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. தங்கள் வீட்டு விஷயம் என்று மூடி வைத்தவர்கள்தான் அடுத்த வீட்டுக்கும் நோயைக் கொடுத்தார்கள். ராக்கு அதை மறுக்கவில்லை. பிள்ளை வீட்டிலேயே கிடக்கட்டும், குத்திக்கொண்டவர் மட்டும் கிட்டே இருக்கட்டும், அந்த வீட்டுப் படியை வேறு யாரும் மிதிக்கக்கூடாது, மிதித்தால் உங்கள் சட்டத்தைக் கொண்டுவாருங்கள் என்றாள். நீங்கள் பேரைக் கூவாதீர்கள், லத்தியைக் கொண்டுவராதீர்கள், நாங்கள் எல்லாரும் கையை நீட்டுகிறோம் என்றாள். தெருவைக் காவல் பார்க்கத் தானும் தன் ஆட்களும் பொறுப்பு என்றார் ஹமீது சுல்தான்.

சரி, முதலில் கையை நீட்டுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். ஒருவரும் நகரவில்லை. இத்தனை நாள் கதவை உடைத்த ஆளை ஒரு வார்த்தையில் நம்பிவிட முடியுமா? ராக்கு யார் முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றாள். தங்கை வீட்டு ரகசியத்தை அவள் சொல்லப்போவதில்லை. அது அவளுடையதல்ல.

கூட்டத்தின் பின்னாலிருந்து உலகம்மாள் வந்தாள். இடுப்பில் குழந்தை. மணிக்கட்டுக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக் கீழே போட்டாள்.

"எம்மகன் உள்ளறையில கெடக்கான் சார். இனிமே நான் மறைக்கல. இவளுக்குக் குத்துங்க. அவன மட்டும் எங்கிட்டருந்து எடுத்துறாதீங்க."

சேதுராமன் கான்ஸ்டபிளைத் தெருக்கோடிக்குப் போகச் சொன்னார். அம்மை குத்துகிறவரை ஆளனுப்பி வரவழைத்தார். குழந்தையின் கையைத் தானே பிடித்துக்கொண்டார். அது வீரிட்டு அழுதது. எங்கள் தெருவில் அத்தனை நாளும் கேட்ட அழுகையில் அந்த ஒன்றுதான் நல்ல அழுகை. பின்னால் ஒருத்தி வந்து நின்றாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அன்று பொழுது சாயும் வரைக்கும் அம்மை குத்துகிறவர் தலை நிமிரவில்லை.

உலகம்மாள் குழந்தை பிழைத்துக்கொண்டது. கூத்தையா முகமெல்லாம் தழும்போடு எழுந்து நடந்தான். பனங்காட்டில் முன்பே ஒளித்து வைத்திருந்த சில பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. கொட்டகையை ஹமீது சுல்தான் ஆட்கள் பிரித்துப் போட்டார்கள். பூமயிலின் அப்பன் வீரையா அன்றும் அந்தப் பக்கம் போகவில்லை.

இத்தோடு ஊருக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தால் நீங்கள் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை. அடுத்த கோடையிலும் பாதிப் பேர் கறுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டுதான் திரிந்தார்கள். கேட்டால், என்ன இருந்தாலும் கயிறு கட்டியிருந்ததால்தான் பிழைத்தோம் என்றார்கள். ஒரு கையில் அம்மை குத்திய தழும்பு, இன்னொரு கையில் கயிறு. எது காப்பாற்றியது என்று யோசிக்க இரண்டு கைக்கும் நடுவில் தலை ஒன்று இருக்கிறது. அதற்குக் குத்திவிட எந்த சர்க்காராலும் ஆகாது, அவனவன்தான் குத்திக்கொள்ள வேண்டும்.