மூடியைத் திறக்காதே

சூப்பர்வைசர் மீசைமேல் கைவைத்துச் சபதம் போட்டுவிட்டார். சாதாரண மீசையா அது? கிடங்கில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் காவலாளிகள் சல்யூட் அடிப்பதே அந்த மீசைக்குத்தான்.

வம்பு போனில் தொடங்கியது. மனைவியின் அண்ணன் கப்பலில் சமையல்காரர்; லீவில் ஊருக்கு வந்திருந்தார். கரீபியன் தீவில் தின்ற பன்றிக்கறியை, அரை நாள் இளஞ்சூட்டில் வெந்து நார்நாராகப் பிரியும் அந்தக் கறியை, சப்புக்கொட்டிக்கொண்டே வர்ணித்தார். கடைசியில், "அதெல்லாம் வீட்டுல வராது மாப்பிள்ளை" என்று ஒரு வார்த்தை சேர்த்தார். அதுதான் வினை.

"ஞாயித்துக்கிழமை மதியம் வாங்க மச்சான். நானே செய்யறேன். சரியா வரலைன்னா மீசையை எடுத்துடறேன்!"

ஞாயிறு விடியும்போதே பூண்டும் ஆல்ஸ்பைஸ் மசாலாவும் ஆரஞ்சுச் சாறும் ஊறிய கறியை, கரண்டில் மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் வைத்தார். சூடு போகாமலிருக்க மேலே கனமான துண்டைப் போர்த்தினார். சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காவல் காப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"யாரும் மூடியைத் திறக்கக் கூடாது. ஒரு தடவை திறந்தா அரை மணி நேரச் சூடு போச்சு."

"டீயாவது போடலாமா?" என்றாள் மனைவி.

"போடு. அந்தப் பக்கம் பார்க்காதே."

குளிக்க மட்டும் எழுந்து போனார். திரும்பி வந்தபோது மனைவி பின்வாசல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

"எங்க போன?"

"பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்துட்டு வந்தேன்."

மறுபடி காவல். வெயில் ஜன்னல் வரை ஏறியது. வாசனையைக் காணோம்.

"ஏங்க, ஒரு வாசமும் வரலையே?"

"மெதுவா வேகுற கறி. வாசனையும் மெதுவாத்தான் வரும்."

சொல்லிவிட்டாரே தவிர, மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தார். திறந்து பார்க்கக் கை துறுதுறுத்தது. போட்ட உத்தரவைத் தானே மீறுவதா? மீசையைத் தடவிக்கொண்டார். பாவம், அது இன்னும் எவ்வளவு நேரமோ.

திடீரென்று பூண்டும் ஆரஞ்சும் கலந்த மணம் மூக்கைத் துளைத்தது.

"பார்த்தியா!"

"ஜன்னல் பக்கமிருந்துல்ல வருது?"

"காத்து சுத்திக்கிட்டு வருது. உனக்கென்ன தெரியும்?"

வாசல் மணி அடித்தது. மச்சான் கையில் புத்தம்புது ரேசர்.

"எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கிட்டு வந்தேன் மாப்பிள்ளை."

சூப்பர்வைசர் சமையலறைக்கு ஓடினார். துண்டை எடுத்தார். மூடியைத் திறந்தார்.

பளபளவென்று துடைத்துவைத்த காலிப் பாத்திரம்!

காலையிலிருந்து காவல் காத்தது இதற்கா? அந்த நேரம் பார்த்து மனைவி பின்வாசல் வழியாக ஆவி பறக்கும் சட்டியோடு நுழைந்தாள்.

"கறி எப்படி உன்கிட்ட..." என்று குழறினார்.

"உஷ்! பக்கத்து வீட்டு அக்காவோட ஓவன்ல வெந்தது. இந்தாங்க ரெண்டு முள்கரண்டி. பிரிச்சுக்கிட்டே வெளிய போங்க."

தொட்டதும் கறி நார்நாராகப் பிரிந்தது. மச்சான் ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய். சூப்பர்வைசர் மீசையைக் கையால் பொத்திக்கொண்டார். மச்சான் மெதுவாக ரேசரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லுங்க மாப்பிள்ளை. நீங்களா செஞ்சீங்க?"

சூப்பர்வைசர் மனைவியைப் பார்த்தார்.

"அவரேதாண்ணா. என்னை இந்தச் சமையல்கட்டுல டீ போட மட்டும்தான் விட்டாரு."

போன உயிர் திரும்பி வந்தது. மீசை முறுக்கேறியது. "எல்லாம் கைப்பக்குவம் மச்சான்!"

"இவ்வளவு கைப்பக்குவத்தை இத்தனை வருஷமா ஒளிச்சு வச்சுட்டாரே அண்ணா! இனிமே ஞாயித்துக்கிழமைச் சமையல் முழுக்க அவரோடதுதான். நீ கரையில இருக்கற வரைக்கும் அண்ணியையும் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வந்துடு."

"வராம இருப்போமா?" என்றார் மச்சான்.

மறுக்க வாயைத் திறந்தார் சூப்பர்வைசர். மச்சானின் சட்டைப்பையிலிருந்து ரேசரின் பிடி எட்டிப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டார்.

மனைவி தன் ஏப்ரனைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டினாள். முடிச்சைப் போட்டுக்கொண்டே காதோடு சொன்னாள்:

"அடுத்த வாரமாவது குக்கருக்கு சுவிட்சைப் போடுங்க."