ஆம்புலன்சுக்குக் கைதட்டியவர்கள்

“மே மாதம், மூன்றாவது சனிக்கிழமை. காலையில் மழை. ஆம்புலன்ஸ் பாட மறுக்கிறார். காரணம்: இங்கே யாரும் சாகவில்லை.”

சென்ற ஆண்டு ஒரு கலைவிழாவில் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த அட்டையின் பின்பக்கத்தில் நான் எழுதிவைத்த குறிப்பு இது. எதையும் நாள் போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். மேற்படி குறிப்பில் மிகை எதுவும் இல்லை.

ஆம்புலன்ஸ் என்பது ஆளின் பட்டப்பெயர். ராயபுரத்தில் அவர் அளவுக்கு எல்லா வீடுகளுக்கும் போய்வந்த மனிதர் கிடையாது. அவர் அளவுக்கு எந்த வீட்டிலும் வரவேற்பு இல்லாத மனிதரும் கிடையாது. பகலில் காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலை. மற்றபடி மரண கானா பாடுகிறவர். எங்கள் பக்கம் ஒருவர் இறந்துவிட்டால், உடலுக்கு அருகில் உட்கார்ந்து டேப் என்கிற தோல்கருவியை அடித்து, அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பாட்டாகப் பாடி வழியனுப்புவார்கள். ஃப்ரீசர் பெட்டி வந்து சேரும்வரை ஐஸும் அவரே, அப்புறம் பாட்டும் அவரே. அவருடைய ஸ்கூட்டர் தெருவுக்குள் நுழைந்தால், குழாயடியில் நிற்கிற பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு, மாமியாருக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்க ஓடுவார்கள்.

“டீ குடிக்க வந்தேம்மா! மெய்யாலுமே டீதான்!” என்று அவர் கத்துவார். ஒருவரும் நம்பியதில்லை.

பாடுவதற்கு முன்னால் ஒரு விசாரணை நடத்துவார். இறந்தவருக்குப் பிடித்த சாப்பாடு எது, யாரோடு சண்டை, கோபம் வந்தால் என்ன திட்டுவார் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் டேப்பைத் தொடுவார். கேட்டதைத்தான் பாடுவார், கேட்காததைப் பாடமாட்டார். “செத்தவன் எழுந்து வந்து இல்லேன்னு சொல்ல முடியாது. அதான் பொய் சொல்லக்கூடாது” என்பது அவர் சட்டம். கேரம் ஆட்டத்தில் தோற்கிற நேரம் பார்த்துக் கரெண்ட் ஃப்யூஸைப் பிடுங்கிய ஒருவரைப் பற்றி அப்படியே பாடினார். அழுதுகொண்டிருந்த மனைவி, “ஆமாய்யா, வூட்டுலயும் அதே வேலைதான்!” என்று சிரித்துவிட்டு, மறுபடி அழத் தொடங்கினார்.

இதனால் உயிரோடிருக்கிறவர்களுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தண்டையார்பேட்டைப் பெரியவர் ஒருவர் ஆம்புலன்ஸை மடக்கி, பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்து, “எனக்குப் பாடும்போது கொஞ்சம் பாத்துப் பாடுப்பா” என்றார்.

“நைனா, நீ மொதல்ல உன் வேலைய முடி. அப்பால என் வேலைய நான் பாத்துக்கறேன்” என்றார் இவர். பன்னை மட்டும் சாப்பிட்டுவிட்டார்.

இவ்வளவு பேரைச் சிரிக்கவும் அழவும் வைத்தவருக்கு ஒரே ஒரு குறை. நல்ல காரியத்துக்கு அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அவர் வாயைத் திறந்தாலே கெட்ட சகுனம். சொந்த மகள் கலாவின் கல்யாணத்திலேயே விம்கோ நகர் சம்பந்திகள், “டேப்பை எடுத்துகினு வராதீங்க, தப்பா நெனைக்காதீங்க” என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு மண்டப வாசலில் நின்று பன்னீர் தெளித்தார். கை மட்டும் பன்னீர்ச் செம்பின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

ஆகவே மலைமேல் இருக்கிற ஒரு கல்லூரி ஊரிலிருந்து, ஆண்டுதோறும் நடக்கிற கோடை கலைவிழாவில் பாட அழைப்பு வந்தபோது அவர் யோசிக்கவே இல்லை. “தோஸ்து, நீயும் வா. ஒரே ஒரு தபா, உயிரோட குந்திகினு கேக்கற ஆளுக்குப் பாடணும்” என்றார்.

ஊரின் பெயர் வேண்டாம். ஏன் என்பது பின்னால் தெரியும்.

பஸ் மலை ஏறி முடிப்பதற்குள் ஆம்புலன்ஸ் என் துண்டு, என் சால்வை, என் மங்கி குல்லா மூன்றையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். “நாள் பூரா ஐஸோட இருக்கிற ஆளுக்கா குளிருது?” என்றேன்.

“நான் ஐஸ உடைக்கறவன் தோஸ்து. ஐஸுக்குள்ள குடித்தனம் பண்றவனா?”

கல்லூரி மாணவர்கள் விடுமுறைக்குப் போயிருக்க, விடுதி முழுக்க நாட்டியக்காரர்களும் நாடகக்காரர்களும். மரத்துக்கு மரம் யாராவது கையைக் காலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை காலை ஒத்திகை. மேடையில் உட்கார்ந்தார், டேப்பைச் சூடு காட்டினார், தொண்டையைச் செருமினார். பிறகு கீழே நின்ற ஒருங்கிணைப்பாளர் பெண்ணைப் பார்த்துக் கேட்டார்:

“யாருக்கும்மா பாடணும்?”

“ஆடியன்ஸுக்குத்தான் சார்.”

“அவங்கல்லாம் நல்லாத்தானே கீறாங்க?”

கற்பனையாக ஒருவரை நினைத்துப் பாடச் சொன்னார் அந்தப் பெண். ஆம்புலன்ஸ் காதைப் பொத்திக்கொண்டார். “பொய்ச் சாவுக்குப் பொய்ப் பாட்டா? அது கலீஜு வேலைம்மா.” என்னிடம் திரும்பியபோது முகம் வாடியிருந்தது. “பேஜாராப் போச்சு தோஸ்து. உயிரோட கீறவனுக்கு எப்படிப் பாடறதுன்னு எனக்குத் தெரியாது. அத யோசிக்காமயே பஸ் ஏறிட்டேன்.”

ஆனால் சும்மா திரும்பிப் போக மனம் வரவில்லை. மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு விசாரணைக்குக் கிளம்பிவிட்டார். நூலகத்தில் கேட்டார், கேண்டீனில் கேட்டார். விடுதி வார்டன் அம்மாவிடம் போய் மிகவும் மரியாதையாக, “மேடம், இங்க சமீபத்துல யாருனா செத்தாங்களா? இல்ல, சாகற மாதிரி யாருனா கீறாங்களா?” என்று கேட்டார். வார்டன் அம்மா செக்யூரிட்டியைக் கூப்பிட்டார். செக்யூரிட்டி எங்கள் இருவரையும் விழாத் தலைவரிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். மெலிந்த, உயரமான, பழுப்பு ஸ்வெட்டர் போட்ட மனிதர். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, “எனக்குப் பாடுங்களேன்” என்றார்.

ஆம்புலன்ஸ் பதறிப்போனார். “அய்யோ நைனா, வாணாம். உயிரோட கீறவனுக்குப் பாடினா ஆவாது.”

“நான் போனப்புறம் இந்த ஊரே பொய் சொல்லும். பெரிய மனுஷர், தங்கமானவர்னு. நீங்க உள்ளதைத்தான் பாடுவீங்களாமே? அதை நான் கேக்கணும்னா இப்பதானே கேக்க முடியும்?”

ஆம்புலன்ஸ் குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவைத்தார். பிறகு மெதுவாக, “சாருக்கு இன்னா சாப்பாடு பிடிக்கும்?” என்று செக்யூரிட்டியிடம் விசாரணையைத் தொடங்கினார்.

மாலையில் மேடையில் நாற்காலி போட்டு, பேராசிரியரைத் தெற்குப் பார்க்க உட்காரவைத்து, மாலை போட்டார். “கண்ண மூடிக்கோ நைனா. இன்னா சொன்னாலும் வாயத் திறக்காத. அதான் முறை.” பிறகு டேப் அடித்தார்.

“ஸ்வெட்டரு ஒண்ணு ஆளு ஒண்ணு
தொவைச்சுப் பாத்தது யாரு கண்ணு
கடைசி வருசம் இதுன்னு சொல்லி
காலம் பூரா நடத்தினு”

கூட்டம் கூச்சலிட்டது. ஒவ்வோர் ஆண்டும் ‘இதுதான் நான் நடத்தும் கடைசி விழா’ என்று பேராசிரியர் கண் கலங்குவது எல்லோருக்கும் தெரியும். நாட்டியம் நடக்கும்போது கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது வந்தது. அடுத்து மெஸ்ஸில் மாங்காய் ஊறுகாய் காணாமல் போவது வந்தது.

“அது பொய்!” என்று பிணம் கத்தியது. “நான் கேட்டுத்தான் எடுத்தேன்!”

“எப்ப சார் கேட்டீங்க?” என்று கடைசி வரிசையிலிருந்து சமையற்காரர் எழுந்தார்.

டேப் நின்றுவிட்டது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஆம்புலன்ஸுக்கு எந்தப் பிணமும் மறுப்புச் சொன்னதில்லை. திறந்த வாய் திறந்தபடி என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? பிறகு அவர் கண்ணில் ஏதோ ஒன்று மின்னியது. விரல்கள் மறுபடி டேப்பில் இறங்கின.

“பொணமே எழுந்து பேசுதப்பா
பூமாலைக்குள்ள வக்கீலப்பா!”

அப்புறம் நடந்தது பாட்டு அல்ல, சண்டை. பேராசிரியர் ஒன்று சொல்ல, ஆம்புலன்ஸ் அதையே மெட்டில் போட்டுத் திருப்பி அடிக்க, சமையற்காரரும் வார்டன் அம்மாவும் சாட்சி சொல்ல, யாருக்கும் குளிர் நினைவில்லை. கடைசியில் பாட்டின் வேகம் குறைந்தது. எத்தனையோ பிள்ளைகளை மேடை ஏற்றிவிட்டு, தான் மட்டும் கீழேயே நின்ற மனிதர் என்று பாடினார். அதையும் விசாரித்திருக்கிறார். பேராசிரியர் மறுப்புச் சொல்லவில்லை. வழக்கப்படி காலைத் தொட்டு, “போய்ட்டு வா நைனா” என்றார் ஆம்புலன்ஸ்.

“சரிப்பா, வர்றேன்” என்றார் பேராசிரியர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

 பிறகு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஆம்புலன்ஸ் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பி, யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். யாரும் இல்லை. “இன்னாத்துக்குத் தோஸ்து தட்டறாங்க?” என்றார்.

“உனக்குத்தான்.”

டேப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஞாயிறு காலை நாஸ்டாவுக்குப் பேராசிரியரைக் காணோம். ஆம்புலன்ஸ் இட்லியைத் தொடவில்லை. “கொன்னுட்டேன் தோஸ்து. சொன்னேனே, கேட்டானா?” என்று புலம்பியவரை இழுத்துக்கொண்டு தேடினேன். மெஸ்ஸின் ஸ்டோர் அறையில், ஊறுகாய் ஜாடிக்குள் கையை முழங்கைவரை விட்டபடி பேராசிரியர் நின்றிருந்தார். ஊர்ப் பெயரை மட்டும் எங்கேயும் எழுதக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

யாரோ எடுத்த வீடியோ எங்களுக்கு முன்பே விம்கோ நகர் போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த மாதம் கலா அப்பாவுக்குப் போன் செய்தாள். குழந்தைக்கு முதல் பிறந்தநாள். “டேப்பையும் எடுத்துகினு வாப்பா. எங்க மாமியாரே சொல்லச் சொன்னாங்க.” முந்தின நாளே போய்விட்டார், விசாரணைக்கு. குழந்தைக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், யாரோடு சண்டை, கோபம் வந்தால் என்ன செய்யும்?

எனக்கு அன்று காய்ச்சல். போக முடியவில்லை. பாட்டு முடிந்ததும் பேத்தி கைதட்டியதாக ஆம்புலன்ஸ் சொல்கிறார். அப்படித்தான் தோன்றியது என்கிறாள் கலா. குழந்தை கொசு அடித்தது என்பது சம்பந்தியம்மா தரப்பு. வீடியோவில் அந்த இடத்தில் யாருடைய முதுகோ மறைக்கிறது. ஆகவே குழந்தை கைதட்டியது என்பது இதுவரை உறுதியாகவில்லை. உறுதியாகாத எதையும் நான் பென்சிலால்தான் குறித்துவைப்பேன், மையால் எழுதுவதில்லை. பேத்தி கைதட்டினாள் என்பதை மட்டும் மையாலேயே எழுதிவிட்டேன்.