சி.டி. தொடாத இமேஜ் மாமு

திருவொற்றியூரில் செத்துப்போன கம்ப்யூட்டருக்கெல்லாம் சி.டி. இல்லாமலே உயிர் கொடுத்த ஒரே மனிதர் இமேஜ் மாமுதான். நன்றாக இருந்த கம்ப்யூட்டர்களைச் சாகடித்ததிலும் பாதிப் பங்கு அவருடையதே.

நான் அப்போது தேரடிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டரை ஓட்டும் ஓ.எஸ்.ஸைப் போட ஊரெல்லாம் சி.டி.யைத் தேடும், மாமு தேடமாட்டார். சி.டி.யில் இருப்பதை அப்படியே ஒரே ஃபைலாகச் சுருட்டி அந்தந்த மெஷினின் ஹார்ட் டிஸ்க்கிலேயே போட்டு வைத்திருப்பார். அதற்குப் பெயர் இமேஜ். அங்கிருந்தே நேராக பூட் செய்து மெஷினை எழுப்புவார். ஏன் என்று கேட்டால், "வூட்லயே சோறு கீது நைனா, வெளிய போயி இன்னாத்துக்கு பார்சல் வாங்கணும்?" என்பார்.

பூட் ஆகும்போது திரையில் ஓடும் வரிகளை பஸ் கண்டக்டர் மாதிரி கத்துவார். "கீபோர்டு ஏறிச்சா, மவுஸு ஏறிச்சா, ரைட்டு போலாம்!" அந்த நேரத்தில் யாரும் தும்மக்கூடாது. எங்கள் முதலாளி திருநெல்வேலி அண்ணாச்சி ஒருமுறை தும்மினார். அவர் கடையிலிருந்தே அவரை வெளியே அனுப்பிவிட்டார் மாமு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம். எர்ணாவூர் செல்வி அக்கா கைக்குழந்தையோடு ஓடி வந்தார். புருஷனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. பிறந்த மகனின் முகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. அன்று கப்பல் ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகத்தில் நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும். அவர் அங்கே ஒரு கடையில் கேமரா முன்னால் காத்திருக்கிறார். எங்கள் கடையிலோ கேமரா தாங்கும் மெஷின் ஒன்றே ஒன்று. மற்றவை கேமராவைச் செருகினாலே மயங்கி விழும் கிழங்கள். அந்த ஒன்றையும் காலையில் வைரஸ் படுக்க வைத்திருந்தது.

மாமுவை வரவழைத்தோம். இமேஜிலிருந்து பூட் செய்து, மொத்த ஓ.எஸ்.ஸையும் மெமரிக்கு ஏற்றினார். அக்காவின் முகம் மலர்ந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். "வைரஸைச் சும்மா வுட்டா பேஜாரு" என்று ஹார்ட் டிஸ்க்கை ஒட்டுமொத்தமாக அழித்தார். அப்புறம்தான் நெற்றியில் அடித்துக்கொண்டார். இமேஜும் அதே டிஸ்க்கில்தான் இருந்தது. உட்கார்ந்திருந்த கிளையையே வெட்டிவிட்டார் மனுஷன்.

"என்னவே, வைரஸைக் கொல்லச் சொன்னா கடையவே கொன்னுட்டீரு?" என்று அண்ணாச்சி பதறினார்.

"கத்தாத அண்ணாச்சி. ஓ.எஸ். மெமரில ஓடிகினுதான் கீது. கரண்ட் போவாத வரிக்கும் ஒண்ணியும் ஆவாது."

அவர் வாயை மூடுவதற்குள் கரண்ட் போனது.

யு.பி.எஸ். பீப் பீப் என்று அழ ஆரம்பித்தது. பேட்டரி ரொம்பப் பழசு. மாமு பாய்ந்து மற்ற மெஷின்களின் வயர்களையெல்லாம் பிடுங்கினார். ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தவருக்குச் செவ்வாய் எங்கே என்று தெரியாமலே போய்விட்டது. எரிந்துகொண்டிருந்த ஒரு லைட்டையும் அணைத்தார்.

அதற்குள் அக்காவின் வீடியோ கால் கிடைத்து, திரையில் கப்பல்காரர் தெரிந்தார். "செல்வி, ஒரே இருட்டா கீதும்மா. புள்ள மூஞ்சியே தெர்லியே!"

மாமு தெருவுக்கு ஓடி, அந்த வழியாகப் போன ஷேர் ஆட்டோவை மறித்தார். "தோஸ்து, வண்டியத் திருப்பு! ஹெட்லைட்ட உள்ள அடி!" பயணிகள் திட்டத் திட்ட, ஆட்டோ கடை வாசலில் முகத்தை நுழைத்தது.

வெளிச்சம் பட்டதும் பையன் வீல் என்று கத்தினான். கப்பல்காரர் சிரித்தார், உடனே அழுதார். "எம் மூக்குடி அது!" என்றார். அதுவரை திட்டிக்கொண்டிருந்த பயணிகள் இறங்கி வந்து இரண்டு மூக்கையும் மாறி மாறிப் பார்த்து, ஆமாம் என்று தீர்ப்பு சொன்னார்கள். பேட்டரி அடங்கியது. திரை கறுத்தது.

இனி இந்தப் படி ஏறக்கூடாது என்று அண்ணாச்சி சத்தம் போட்டார். மாமுவின் காதில் அது விழவே இல்லை. குழந்தையைக் கையில் வாங்கி, "ஒங்கப்பன் ஒன்னியப் பாத்துட்டாண்டா" என்று அவனிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது என் வீட்டுக் கம்ப்யூட்டரில் எதுவும் கெடுவதில்லை. வந்து கெடுத்துவிட்டுப் போவதற்காகவாவது அந்த மனுஷன் ஒருமுறை வரமாட்டாரா என்று இருக்கிறது.