நான் ரேடியோ நிபுணனாக இருந்த நாலு நாள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒரு மாபெரும் முடிவு எடுத்தேன். இனி எந்தக் காரியத்துக்கும் மனைவியிடம் யோசனை கேட்பதில்லை. கேட்டால் என் பெயர் சேதுபதி இல்லை.

முடிவை மனசுக்குள்ளேதான் எடுத்தேன். சுந்தரி பக்கத்து அறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். முழுப்பெயர் சிவகாமசுந்தரி. அவளுக்குக் காது கூர்மை.

என் எதிரே மேஜைமேல் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பக்கத்தில் ஒரு கார் பேட்டரி. பெட்டிக்குள் இருந்தது ஜப்பானியக் கேப்டனின் கார் ரேடியோ. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் அது பாட வேண்டும். அது பாடாவிட்டால் என்னைப் பாட வைப்பார்கள். ஆட்களை எங்கே உட்காரவைத்து எப்படிப் பாட வைப்பார்கள் என்பது அப்போது சிங்கப்பூரில் எல்லோருக்கும் தெரியும். சிங்கப்பூர் என்றுகூட வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஜப்பான்காரன் வைத்த பெயரில் சியோனான் என்று சொல்ல வேண்டும். 1943ஆம் வருஷம் அது.

இந்த ரேடியோ என் தலையில் விழுந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். லவெண்டர் ஸ்திரீட் பக்கம் ஒரு மோட்டார் பட்டறையில் நான் ஸ்டோர் கீப்பர். வெள்ளைக்காரன் காலத்தில் பத்து வருஷம் அங்கே போல்ட் எடுத்துக் கொடுத்தேன். எந்த போல்ட் எங்கே போகும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நல்லவேளை. ஜப்பான்காரன் வந்து பட்டறையைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்ட பிறகும் அதே போல்ட்தான், அதே நான்தான்.

வியாழக்கிழமை கேப்டனுடைய காரில் புகை வந்தது. ஏதோ ஷார்ட். ரேடியோ நின்றுபோனது. கேப்டனுக்குப் பாட்டு இல்லாமல் கார் ஓட்டப் பிடிக்காது. மொழிபெயர்ப்பாளன் எங்களையெல்லாம் வெயிலில் வரிசையாக நிறுத்தி மலாயில் கேட்டான்:

"ரேடியோ வேலை தெரிஞ்சவன் யாரு? அவனுக்கு அரிசி ரெண்டு பங்கு."

ஆறு மாசமாக மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. அரிசி என்ற சொல் காதில் விழுந்ததும் என் கை தானாக மேலே போய்விட்டது. நான் தூக்கவில்லை. என் வயிறு தூக்கியது.

வெள்ளிக்கிழமை ஒரு புது பியூஸ் போட்டேன். போய்விட்டது. இன்னொன்று போட்டேன். அதுவும் போய்விட்டது. சனிக்கிழமை எனக்குக் கோபம் வந்து, பியூஸுக்குப் பதிலாகக் கட்டைவிரல் பருமனில் செம்புக் கம்பியை வைத்து முறுக்கினேன். கம்பி போகவில்லை. ஆனால் உள்ளே போகும் வயரின் மேலுறை கருகி, கேப்டன் உட்காரும் இடமெல்லாம் புகை.

மொழிபெயர்ப்பாளன் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "திங்கக்கெழம காலைக்குள்ள சரியாகலேன்னா, உனக்கு வேலை தெரியலைன்னு கேப்டன் நினைக்க மாட்டாரு. நீ வேணும்னே கெடுத்தேன்னு நினைப்பாரு."

அதனால்தான் சிவப்பு முத்திரை போட்ட அனுமதிச் சீட்டு ஒன்று வாங்கிக்கொண்டு, ரேடியோவையும் பேட்டரியையும் ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டுக்கு வந்தேன். சீட்டு இல்லாமல் ரேடியோவோடு அகப்பட்டால் அவ்வளவுதான். கெர்பாவ் ரோடு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள், வழியில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாய்களுக்குப் பதினோரு தடவை இறங்கிக் குனிந்து கும்பிட்டேன். முதுகு இன்னும் நிமிரவில்லை.

ரேடியோ பெட்டியைத் திறந்தேன். உள்ளே கண்ணாடி வால்வுகள் வரிசையாக நின்றன. ஒரு வால்வு உடைந்தாலும் ஊரில் வேறு கிடைக்காது. வால்வு போனால் வாழ்வு போகும். கையை உள்ளே விட்டேன். வெளியே எடுத்துவிட்டேன்.

"என்னங்க, கருகின வாடை வருது?"

சுந்தரி வாசலில் நின்றாள். கையில் பாதி தைத்த லாரித் தார்ப்பாய். பட்டறைக்கு வேண்டிய தார்ப்பாய், கார் சீட் உறை எல்லாம் அவள்தான் தைத்துக் கொடுக்கிறாள்.

"ஒண்ணுமில்ல. நீ போய் உன் வேலையைப் பாரு. இது ஆம்பளைங்க சமாச்சாரம்."

"சரி. பியூஸ் எத்தனை போச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பியூஸைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"எத்தனை போச்சுன்னு கேட்டேன்."

"ரெண்டு. அப்புறம் ஒரு செம்புக் கம்பி."

"செம்புக் கம்பியா!" அவள் தார்ப்பாயைக் கீழே போட்டாள். "காரையே கொளுத்தப் பாத்தீங்களா? ஒரு ஹெட்லைட் பல்ப் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"பியூஸ் போடற எடத்துல அந்த பல்பை மாட்டுங்க. ஷார்ட் இருந்தா பல்ப் பளிச்சுன்னு எரியும். கரண்டை அது வாங்கிக்கும், வேற எதுவும் கருகாது. எடம் கண்டுபிடிக்கிற வரைக்கும் எரிஞ்சுக்கிட்டே இருக்கட்டும்."

எதற்கும் அவளிடம் யோசனை கேட்பதில்லை என்ற முடிவு நினைவுக்கு வந்தது. ஆனால் நான் கேட்கவில்லையே! அவளாகத்தானே சொல்கிறாள்? மாட்டினேன். பல்ப் என் கண்ணைப் பறித்தது.

சுந்தரி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வயராக ஒரு பென்சிலால் தள்ளிப் பார்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. பல்ப் அசையவில்லை. பேட்டரி வயர் தகரத்தில் உள்ள ஓட்டை வழியாகப் பெட்டிக்குள் நுழையும் இடத்தைத் தொட்டாள். பல்ப் சட்டென்று மங்கியது. விட்டாள். பளிச்சென்றது.

"இதோ இருக்கு. கார் குலுங்கிக் குலுங்கி, ஓட்டையோட விளிம்பு ரப்பரை அறுத்திருக்கு. செம்பு தகரத்துல படுது. மிச்சத்தை உங்க கம்பி கருக்கிடுச்சு."

டேப் எங்கே கிடைக்கும் அந்த நாளில்? பழைய சைக்கிள் டியூபைக் கத்தரித்து வயரைச் சுற்றினாள். நூலால் இறுக்கித் தைத்தாள். ஓட்டைக்கும் ஒரு ரப்பர் வளையம் வெட்டி வைத்தாள். இப்போது பல்ப் லேசாக, அடுப்புக் கங்கு மாதிரி எரிந்தது. பல்பை எடுத்துவிட்டுப் புது பியூஸ் போட்டாள். பெட்டி ஙொய்யென்று முனகியது. வால்வுகள் சிவந்தன. அடுத்த நிமிஷம் ஒரு ஜப்பானியப் பெண் வீடு அதிரப் பாடினாள்.

எதிர் வீட்டில் மூன்று ஜன்னல்கள் படபடவென்று மூடிக்கொண்டன. நான் ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தேன்.

"உனக்கு எப்படி இதெல்லாம்?"

"எங்க அண்ணன் ஜாலான் புசார்ல கார் வயரிங் கடை வச்சிருந்தாரு. கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வருஷம் அங்கதான் வேலை செஞ்சேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"பன்னிரண்டு வருஷத்துல நீங்க கேக்கவே இல்லையே."

அவள் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் கண்ணாடி முன்னால் நின்றேன். நாளைக்குக் கேப்டன் முன்னால் பேச வேண்டிய பேச்சை மலாயில் ஒத்திகை பார்த்தேன். ஐயா என்பதற்கு மலாயில் துவான். "துவான், பெரிய பழுது துவான். வேறு யாராலும் முடியாது. நான் ஒருத்தன் தனியாக ராத்திரி பகலாக உட்கார்ந்து..." நன்றாக வந்தது. இரண்டாவது தடவை இன்னும் நன்றாக வந்தது. தையல் மெஷின் சத்தம் நடுவில் கொஞ்ச நேரம் நின்றதை நான் கவனிக்கவில்லை. சுந்தரி கீழே தண்ணீர் பிடிக்கப் போனதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் கீழ்வீட்டு அப்துல் கையூம் வந்தார். தேக்கா மார்க்கெட்டுக்குக் கரி ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். மலாய்க்காரர்கள் மாதிரி பேச்சின் முடிவில் ஒரு 'லா' போடுவார். ஊர்ச் சேதியெல்லாம் அவர் லாரியில்தான் வரும்.

"சேது அண்ணே, ரேடியோ பாடிச்சாமே?"

"பாடாம? யாரு கை பட்டது!"

"அதான் கவலையா இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "கேப்டனுக்கு மாத்தல் வந்திருக்காம் லா. அடுத்த வாரம் சயாம். ரயில் போடற எடத்துக்கு. ரேடியோ சரி பண்ணவனையும் கூடக் கூட்டிட்டுப் போறாராம்."

சயாம் என்றதும் என் முகத்தில் சாயம் போய்விட்டது. ரயில் பாதை போட அங்கே லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் திரும்பி வந்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

"பாய், நிசமாவா?"

"சொன்னாங்க. நான் வர்றேன் அண்ணே." அவர் என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார். என்மேல் அவ்வளவு பரிதாபம் என்று நினைத்தேன்.

ரேடியோ பாடினால் சயாம். பாடாவிட்டால் நாசவேலை என்று பிடிப்பார்கள். அறைக்குள் சுற்றினேன். வயரைப் பிடுங்கிவிடலாமா என்று பெட்டியிடம் போனேன். நாளைக் காலையை நினைத்துத் திரும்பி வந்தேன். மறுபடி போனேன்.

"சுந்தரி! ஒரு யோசனை சொல்லு!"

என் பெயர் சேதுபதி இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

அவள் நிதானமாகச் சொன்னாள்: "உண்மையைச் சொல்லிடுங்க."

"எந்த உண்மை?"

"சரி பண்ணது நான்னு."

"அப்ப உன்னைக் கூட்டிட்டுப் போயிட்டா?"

"ரயில் போடற எடத்துக்கு ஒரு கேப்டன் பொம்பளையையா இழுத்துக்கிட்டுப் போவாரு? நான் மாசாமாசம் தார்ப்பாய் கொண்டுபோய்க் கொடுக்கிறவ. என்னை அவருக்குத் தெரியும். நானும் கூட வர்றேன்."

"பொய் சொன்னேன்னு அடிப்பானே!"

"அறை ஒரு நிமிஷம். சயாம் எத்தனை வருஷமோ."

கணக்கு சரியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை. ரேடியோவைக் காரில் மாட்டினோம். பாடியது. கேப்டன் முகம் மலர்ந்தது. என் தோளைத் தட்டக் கையைத் தூக்கினார். நான் அவசரமாக மொழிபெயர்ப்பாளனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் சொல்லி முடித்தான். தோளுக்கு வந்த கை கன்னத்துக்குத் திரும்பியது. பட்டறை முழுக்கக் கேட்டது.

கேப்டன் சுந்தரியைப் பார்த்துக் கத்தினார். எனக்குக் கன்னத்து வலி மறந்துபோனது. மொழிபெயர்ப்பாளன் ஓரத்தில் நின்ற ஒரு லாரியைக் காட்டினான். அதற்கு ஒரு மாசமாக விளக்கு எரியவில்லை. "நீ சொல்றது நிசம்னா அதைச் சரி பண்ணு."

சுந்தரி முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒரு பல்ப் கேட்டு வாங்கினாள். லாரிக்கு அடியில் குனிந்தாள். நான் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மனுக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். தேங்காய் விற்கிற விலை நினைவுக்கு வந்தும் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் எனக்கு அரிசி என்ன, கிழங்கு என்ன?

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். லாரியின் இரண்டு கண்ணும் திறந்தன.

கேப்டன் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அரிசி இரண்டு பங்கு அவளுக்கு என்றார். ரேடியோ, வயரிங் வேலை எல்லாம் இனி அவளுக்கு. சுந்தரி அங்கேயே நின்று பேரம் பேசினாள். பட்டறைக்கு வர முடியாது, சாமானை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பட்டாளத்து வேலை நடக்கிற இடம் என்று முத்திரைக் காகிதம் கதவில் ஒட்டித் தர வேண்டும். சோதனை என்று யாரும் உள்ளே நுழையக் கூடாது. எல்லாவற்றுக்கும் கேப்டன் தலையாட்டினார்.

பிறகு அவர் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். "இவன் எதுக்கு உதவுவான்?" என்று மொழிபெயர்த்தான் அவன்.

"தார்ப்பாய் தைப்பாரு துவான். நான் சொல்லித் தர்றேன்" என்றாள் சுந்தரி.

இரண்டு மாசம் போனது. அரிசிச் சோறு சாப்பிட்டோம். கையூம் வீட்டுக்கும் ஒரு பங்கு போனது. நான் ஊசி குத்தாத விரல் இல்லாமல் தார்ப்பாய் தைத்தேன். கேப்டன் மட்டும் சயாமுக்குப் போகவில்லை. தினமும் பாட்டுப் போட்டுக்கொண்டு லவெண்டர் ஸ்திரீட்டிலேயே சுற்றினார். கொஞ்சம் பெருத்துக்கூட விட்டார்.

ஒருநாள் கையூமை மாடிப்படியில் மடக்கினேன்.

"பாய், கேப்டனுக்குச் சயாம் மாத்தல்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

கையூம் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்க அண்ணே. அன்னைக்குத் தண்ணிக் குழாய்கிட்ட அண்ணிதான் சொல்லச் சொன்னாங்க லா."

இரண்டு இரண்டு படியாக ஏறினேன். சுந்தரி ஒரு ரேடியோவைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே போய் நின்றேன். பன்னிரண்டு வருஷத்துக்குச் சேர்த்துக் கத்தினேன்.

"என்னையே ஏமாத்திட்டியா? ஊரெல்லாம் என்னை ரேடியோ நிபுணன்னு சொல்லியிருக்கும்! கட்டின புருஷனைப் பொய் சொல்லிப் பயமுறுத்தி, அறை வாங்க வச்சு, தார்ப்பாய் தைக்க விட்டுட்டியே!"

அவள் தலை நிமிரவில்லை.

"கண்ணாடி முன்னாடி நீங்க பேசினதைக் கேட்டேன். அதை அப்படியே கேப்டன்கிட்ட சொல்லியிருந்தா அடுத்த வாரம் இன்னொரு ரேடியோ வந்திருக்கும். அதுக்கடுத்த வாரம் ரெண்டு. என்னைக்காவது நான் இல்லாத நேரத்துல, பட்டறையிலேயே வச்சு இப்பவே சரி பண்ணுன்னு சொல்லியிருப்பாங்க. நீங்க மறுபடி செம்புக் கம்பியை எடுத்திருப்பீங்க. உங்களைத் தேடிக்கிட்டு நான் எந்த வாசல்ல போய் நிக்கறது? நிசத்தைச் சொல்லிடுங்கன்னு சும்மா சொன்னா கேட்டிருப்பீங்களா?"

கன்னத்தைத் தடவிக்கொண்டேன்.

அவள் இப்போது நிமிர்ந்தாள். ஒரு ஸ்க்ரூடிரைவரை என் பக்கம் நீட்டினாள்.

"இந்த ரேடியோ நாளைக் காலையில கர்னல் வீட்டுக்குப் போகணும். உங்களுக்குக் கோவமா இருந்தா சொல்லுங்க. கேப்டன்கிட்ட பேசி அந்த வேலையை உங்களுக்கே திருப்பி வாங்கித் தந்திடறேன்."

எனக்குக் கோபமே இல்லை என்று சொல்லிவிட்டேன்.